முதுமலைக் காட்டில் பரவிக் கிடக்கும் உண்ணிச்செடியை (லாண்டானா) வெட்டி எறிந்தால் போதாதா?

போதாது. அடிக்கட்டையிலிருந்தே மறுபடி தழைத்துவிடும். வேரோடு பெயர்த்துத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும். அப்படியும் கொண்டைக்குருவிகள் பழத்தைத் தின்று எச்சத்தில் விதையைப் போட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே அதே இடத்துக்கு ஆண்டுதோறும் போய் நாற்றுகளைப் பிடுங்க வேண்டும். உள்ளூர்ப் புல்விதையும் தூவ வேண்டும். ஒருமுறை டெண்டர் விட்டுச் சுத்தம் செய்வது காசைக் கரியாக்கும் வேலை என்பேன்.

அழகுக்காக வெள்ளையர் கொண்டுவந்த அமெரிக்கச் செடி இது. மான் பெரும்பாலும் தொடாது. புதரடியில் புல் சரியாக வளராது. கோடையில் காய்ந்தால் தீ மரக்கிளை வரை ஏறும்.

மஞ்சள் கொன்றை என்ற இன்னொரு அயல் மரம் தனித் தலைவலி. அதையாவது வெட்டிக் காகிதக் கூழுக்கு அனுப்பலாம். அதன் அடிக்கட்டையும் துளிர்க்கும், பட்டையை உரிக்காவிட்டால்.