கிம்பர்லைட் வைரத்தின் தாய்ப்பாறையா?

கேள்வி: கிம்பர்லைட் என்னும் எரிமலைப் பாறையில்தான் வைரம் கிடைக்கிறது என்று படித்தேன். அப்படியானால் வைரம் அந்தப் பாறையில்தான் உருவாகிறதா? நிலக்கரி இறுகி வைரமாகிறது என்பது உண்மைதானா?

பதில்: கிம்பர்லைட் வைரத்தைச் சுமந்து வந்த வாகனமே தவிர, அதன் பிறப்பிடம் அன்று. இதற்கு வயதே சாட்சி. அந்தப் பாறைக்குப் பெயர் தந்த தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி நகரில், அது மேலே வந்து சுமார் 9 கோடி ஆண்டுகளே ஆகின்றன. அதற்குள் இருந்த வைரங்கள் சிலவற்றுக்கோ வயது 300 கோடி ஆண்டுகளுக்கும் மேல்.

வைரம் ஏறத்தாழ முழுவதும் கார்பன் என்பதால் அதைக் கொண்டே நேரடியாக வயதைக் கணிக்க இயலாது. ஆனால், அது வளர்ந்தபோது உள்ளே சிக்கிக்கொண்ட, மணல் துகளைவிடச் சிறிய, கார்னெட் என்னும் சிவப்புக் கனிம மணி ஒன்றில் சமேரியம் என்ற தனிமம் மெல்லச் சிதைந்து நியோடிமியமாக மாறிக்கொண்டே இருக்கும். அந்த மாற்றத்தின் அளவே வயதைச் சொல்லிவிடும். நகை வணிகர் குறை என்று ஒதுக்கும் கல்தான் ஆய்வாளருக்குப் பொக்கிஷம்!

அந்தக் கார்னெட்டின் வேதியியல் அமைப்பு பிறப்பிடத்தையும் காட்டிக்கொடுக்கிறது. பழங்கண்டங்களின் அடியில், 150 முதல் 200 கிலோமீட்டர் ஆழத்தில், புவியின் மேலோட்டுக்கு அடியிலுள்ள கவசத்தைச் (mantle) சேர்ந்த பெரிடோடைட், எக்லோகைட் பாறைகளின் ஊடே கார்பன் கலந்த திரவங்கள் ஊடுருவியபோது, 900 முதல் 1,300 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும், நம்மைச் சூழ்ந்துள்ள காற்றழுத்தத்தைப்போல் சுமார் 50,000 மடங்கு அழுத்தத்திலும் வைரம் படிகமாயிற்று. கிம்பர்லைட் குழம்பு அதைச் சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ மேலே கொண்டுவந்திருக்க வேண்டும் என்று கணிக்கிறார்கள். அழுத்தம் குறைந்த பிறகும் சூட்டில் நெடுங்காலம் கிடந்திருந்தால் வைரம், கார்பனின் மென்மையான வடிவமான கிராஃபைட்டாகியிருக்கும்.

நிலக்கரிக் கதையை மறந்துவிடலாம். நிலக்கரி புதையுண்ட தாவரங்களிலிருந்து உருவாவது; நிலத்தில் காடுகள் தோன்றியே 40 கோடி ஆண்டுகள் ஆகவில்லை.

இதைவிட ஆழத்திலும் வைரம் பிறப்பதுண்டு. பிரேசிலின் ஜுயினா பகுதியில் கிடைத்த, பார்ப்பதற்குச் சற்றும் அழகில்லாத பழுப்பு வைரம் ஒன்றினுள் ரிங்வுடைட் என்னும் கனிமம் இருந்ததை 2014-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். 500 கிலோமீட்டருக்கும் கீழே உருவாகும் அக்கனிமத்தின் எடையில் ஒரு சதவீதத்துக்கும் மேல் நீர் இருந்தது.