கீழாநெல்லியும் அம்மாச்சியின் முணுமுணுப்பும்

அன்புள்ள சார்,

பால்கனியில் தூதுவளை, கற்பூரவல்லி, துளசி எல்லாம் நன்றாக வந்திருக்கின்றன. அடுத்து கீழாநெல்லி வைக்க ஆசை. சின்ன வயதில் எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது அம்மாச்சி அதை அரைத்து மோரில் கலந்து கொடுத்துத்தான் சரியானது. பறிக்கும் முன் செடியிடம் ஏதோ முணுமுணுப்பார். என் கணவர் இரண்டுமே மூடநம்பிக்கை என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கவிதா, மதுரை

அன்புள்ள கவிதா,

கீழாநெல்லியை நீங்கள் வைக்க வேண்டியதே இல்லை, அதுவே வரும். மழைக்குப் பிறகு தொட்டியைக் கிளறாமல் விட்டுப் பாருங்கள். இத்தனை நாள் களை என்று பிடுங்கிப் போட்டிருப்பீர்கள். இலை வரிசையைத் திருப்பினால் அடியில் கடுகளவு காய்கள் தொங்கும். காய் வழவழப்பாக, குட்டிக் காம்போடு இருந்தால் நீங்கள் தேடுவதுதான். தண்டு சிவந்து, காய் காம்பில்லாமல் ஒட்டிக்கொண்டு, தோல் சொரசொரப்பாக இருந்தால் அது சிவப்புக் கீழாநெல்லி, வேறு இனம்.

சரி, காமாலை. அது ஒரு நோயின் பெயரே இல்லை, கல்லீரலிலோ பித்தக் குழாயிலோ ரத்தத்திலோ ஏதோ கோளாறு என்பதற்கு அடையாளம். சின்னப் பிள்ளைகளுக்கு அசுத்தமான தண்ணீரால் வருவது பெரும்பாலும் ஹெபடைடிஸ் ஏ, அது சில வாரங்களில் தானாகவே போய்விடும், அந்த நேரத்தில் யார் எதைக் கொடுத்தார்களோ அவர்களுக்குப் பேர். உங்களுக்கு வந்தது எது என்று இப்போது யார் சொல்ல முடியும்? ஆனால் அம்மாச்சி எண்ணெய் இல்லாத சாப்பாடு போட்டு, வெயிலில் ஓடவிடாமல் படுக்க வைத்திருப்பார் இல்லையா, அந்தக் கவனிப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

உங்கள் கணவரிடம் இதையும் சொல்லுங்கள். சென்னையில் ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடி கொடுத்துப் பார்த்தார்கள். 59 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் கிருமியின் தடயம் காணாமல் போனது, வெற்றுப் பொடி சாப்பிட்டவர்களில் 4 சதவீதம்தான். அந்தக் கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய புளும்பெர்க்கும் அந்த ஆய்வில் இருந்தார், லான்செட் என்ற மருத்துவ இதழில் 1988இல் வந்தது. அப்புறம் மற்றவர்கள் செய்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. ஆகவே வெறும் கதை என்று உங்கள் கணவரும் சொல்ல முடியாது, குணமாக்கும் என்று நீங்களும் சொல்ல முடியாது. வீட்டில் யாருக்காவது கண் மஞ்சளானால் முதலில் ரத்தப் பரிசோதனை, கர்ப்பிணி என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. கீழாநெல்லி வேண்டுமா என்பதை டாக்டரைப் பார்த்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

அம்மாச்சி முணுமுணுத்தது சாப நிவர்த்தியாக இருக்கும். மூலிகைகளுக்குச் சாபம் உண்டு, அதை நீக்காமல் பறித்தால் மருந்து வேலை செய்யாது என்பது சித்த மருத்துவ மரபு. செடிக்கு மஞ்சள் நூலில் காப்புக் கட்டி, 'மூலி சாபம் நசி நசி' என்று சொல்லி, இரும்பு படாமல் எடுப்பார்கள். இதற்குள் விஞ்ஞானம் ஒளிந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வரும் விளக்கங்கள் எனக்கு அலுத்துவிட்டன. அம்மாச்சி ஒரு செடியிடம் அனுமதி கேட்டுவிட்டுப் பறித்தார், அது எனக்குப் பிடித்திருக்கிறது, காரணம் எல்லாம் எதற்கு?

உங்கள் கணவருக்காக ஆடாதோடை ஒன்று வையுங்கள். அந்த இலையில் இருக்கும் வாசிசின் என்ற பொருளை ஒட்டித்தான் 1960களில் புரோம்ஹெக்சின் வந்தது, அவர் குடிக்கும் சளி டானிக் பாட்டிலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். குச்சியை ஒடித்து நட்டாலே பிடித்துக்கொள்ளும், ஆனால் புதராக வளரும், பெரிய தொட்டியாக வாங்குங்கள். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு மட்டும் அந்தக் கஷாயத்தைக் கொடுத்துவிடாதீர்கள், கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும்.