அப்பாரு விட்டுப்போன கார்: அம்பாசிடரா, லேண்ட்மாஸ்டரா?

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் தோட்டத்துச் சாளையில் (தோட்ட வீட்டில்) அப்பாருவின், அதாவது தாத்தாவின், பழைய கார் ஒன்று நிற்கிறது. பெயர் எழுத்துகள் எல்லாம் விழுந்துவிட்டன, ஆர்.சி. புத்தகமும் கிடைக்கவில்லை. பெரியப்பா அம்பாசிடர் என்கிறார், ஊர் மெக்கானிக் லேண்ட்மாஸ்டர் என்கிறார். ஒரு புரோக்கரோ இங்கிலாந்து மோரிஸ் என்று சொல்லி, "பேப்பர் வேலையெல்லாம் நான் பார்த்துக்கறேன், கையெழுத்து மட்டும் போடுங்க" என்கிறார். எது உண்மை?

பதில்: முதலில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

நீங்கள் அனுப்பிய படத்தில் காரின் பின்பக்கம்தான் தெரிகிறது. பாதி பதில் அதிலேயே இருக்கிறது. பின் மட்கார்டின் மேல் முனை மீன் துடுப்பு மாதிரி லேசாக எழும்பியிருந்தால் அம்பாசிடர். உங்கள் காரில் அது உருண்டு, வழிந்து இறங்குகிறது. அடுத்து பானெட்டைக் கையால் தடவிப் பாருங்கள். வழவழவென்று ஒரே வளைவாக இருந்தால் லேண்ட்மாஸ்டர், அழுத்திவிட்டது போலப் பள்ளம் தட்டுப்பட்டால் அம்பாசிடர். என் கணிப்பில் மெக்கானிக் சொன்னதுதான் சரி.

புரோக்கர் சொல்லும் மோரிஸ் கதைக்கும் ஒரு அடிப்படை உண்டு. இந்துஸ்தான் மோட்டார்ஸ் கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் மோரிஸ் ஆக்ஸ்போர்டு இரண்டாம் சீரிஸின் வடிவத்தில் 1954 முதல் செய்த வண்டிதான் லேண்ட்மாஸ்டர். மூன்றாம் சீரிஸின் வடிவம் 1957-ல் அம்பாசிடர் ஆனது. அதனால் தூரத்தில் பார்த்தால் எல்லாம் ஒன்று போலத் தோன்றும். தீர்ப்புச் சொல்வது பானெட்டுக்குள்ளே இருக்கும் கம்பெனித் தகடு. இன்ஜினுக்குப் பின்னால் உள்ள தகரச் சுவரில் தேடுங்கள். கம்பி பிரஷ், உப்புத்தாள் எதுவும் வேண்டாம். மண்ணெண்ணெய் நனைத்த பருத்தித் துணியால் மெதுவாகத் துடைத்து, மேலே வெள்ளைத் தாளை வைத்து பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள். கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் தாளில் எழும்பி வரும். அந்தத் தாள் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. படம் எடுத்து வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பவும் கூடாது.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. புரோக்கருக்கு வேண்டியது பெரும்பாலும் கார் அல்ல, அதன் தகடும் பழைய நம்பரும்தான். அவற்றை வேறொரு வண்டியில் மாட்டி விற்றுவிடுவார்கள். நாளைக்கு அந்த வண்டி எங்காவது மாட்டினால், போலீஸ் வந்து நிற்பது உங்கள் வாசலில். "சும்மா ஒரு கையெழுத்து" என்று அவர்கள் நீட்டுவது படிவம் 29, 30. உரிமை மாற்றத்துக்கான படிவங்கள் அவை. வெறுமையாகக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். "பெயின்ட் அடித்துவிட்டால் விலை ஏறும்" என்று ஆசை காட்டுபவரையும் நம்பாதீர்கள். அவர் தேய்க்கும்போது சேஸிஸ் (அடிச்சட்டம்) நம்பரும் சேர்ந்து போய்விடும்.

இன்ஜினை வைத்து மாடலை முடிவு செய்யலாமா என்றால், முழுதாக முடியாது. தலைப்பகுதி தட்டையான இரும்பாக இருந்து பிளக்குகள் அதன் மேலே நின்றால் சைடு வால்வு இன்ஜின். லேண்ட்மாஸ்டரில் அதுதான். ஆனால் 1959 வரை அம்பாசிடரிலும் அதே வகைதான் வந்தது. மேலே நீளத் தகர மூடியும் பக்கவாட்டில் பிளக்கும் இருந்தால் பின்னால் வந்த 1489 சி.சி. இன்ஜின்.

டீசல் இன்ஜின் இருந்தால் விஷயமே வேறு. நம் பக்கம் பெட்ரோல் செலவு தாங்காமல் எத்தனையோ பேர் இன்ஜினை மாற்றினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 2021-ல் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவு நடந்து 50 வருடம் தாண்டிய வண்டி, சேஸிஸ், பாடி, இன்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் இல்லாமல் இருந்தால்தான் 'விண்டேஜ்' என்ற பழங்கால வண்டிப் பதிவு கிடைக்கும். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். டீசல் மாற்றியிருந்தால் அந்தக் கதவு மூடிவிடும். ஆகவே பழைய பெட்ரோல் இன்ஜின் சாளை மூலையிலோ தொட்டிக்குப் பின்னாலோ கிடக்கிறதா என்று தேடுங்கள். துருப்பிடித்திருந்தாலும் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். விண்டேஜ் பதிவு வாங்கினாலும் கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டும்தான் ஓட்டலாம். சந்தைக்கு எடுத்துப் போக முடியாது.

ஆர்.சி. தேடும்போது கோபியில் தொடங்காதீர்கள். 1979-ல்தான் பெரியார் மாவட்டம் (இன்றைய ஈரோடு) பிரிந்தது. அதற்கு முன் கோபியும் கோவை மாவட்டம்தான், பதிவேடு கோவை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில்தான் இருக்க வேண்டும். அங்கே போனால் "கம்ப்யூட்டரில் இல்லையே" என்பார்கள். எப்படி இருக்கும்? கையெழுத்துப் பதிவேட்டில் இருப்பதை ஏற்ற வேண்டியது அவர்கள் வேலை. அதற்கு வண்டிக்காரரையே சாட்சி கொண்டுவரச் சொல்வது அநியாயம். இந்த அலைச்சலுக்குப் பயந்துதான் மக்கள் புரோக்கரிடம் போய் விழுகிறார்கள். எழுத்து மூலம் கேளுங்கள், பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். நம்பர் கிடைத்ததும் காரை வாரிசு பெயருக்கு மாற்ற வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31, நகல் ஆர்.சி.க்குப் படிவம் 26. பெரியப்பாவும் வாரிசு என்றால் அவருடைய சம்மதத்தையும் இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள்.