கரகரக்கும் கம்ப்யூட்டர் ஃபேன்: பெட்டியையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: வேலம்பாளையத்தில் சிறிய தையல் யூனிட் நடத்துகிறேன். ஜாப் ஒர்க் பில் போட ஒரு கம்ப்யூட்டர் வைத்திருக்கிறேன். ஒரு மாதமாகக் காலையில் போட்டதும் கரகரவென்று சத்தம் வருகிறது. அரை மணி நேரத்தில் ஓரளவு அடங்கிவிடுகிறது. கடையில் கேட்டால், ‘கேபினெட், எஸ்.எம்.பி.எஸ். (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) இரண்டையும் மாற்றிவிடலாம்’ என்கிறார்கள். தேவையா?
– வாசகி, திருப்பூர்

பதில்: எந்த ஃபேன் சத்தம் போடுகிறது என்று பார்க்காமலே பெட்டியை மாற்றச் சொல்வது சரியல்ல. கேபினெட் ஃபேன் தனியாகவே கிடைக்கும். சாதாரண ரகம் சில நூறு ரூபாய்தான்.

உங்கள் கடிதத்திலேயே ஒரு தடயம் இருக்கிறது. குளிர்ந்த நிலையில் கரகரத்து, சூடேறியதும் அடங்கினால், பெரும்பாலும் ஃபேனின் அச்சைத் தாங்கும் குழல் போன்ற ஸ்லீவ் பேரிங்கில் எண்ணெய் வற்றித் தேய்மானம் தொடங்கியிருக்கிறது என்று பொருள். ஆனாலும் உறுதி செய்துகொள்ளுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றுங்கள். ஏதாவது ஒயர் இறக்கையில் உரசுகிறதா, திருகு தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டிக் டிக் என்ற சத்தத்துக்குப் பல நேரம் காரணம் இவ்வளவுதான். பிறகு கேபினெட் ஃபேன்களில் ஒன்றின் இணைப்பை மட்டும் எடுத்துவிட்டு, சில நிமிடங்கள் ஓடவிட்டுக் கேளுங்கள். காலையில், முதல் தடவை போடும்போதே இதைச் செய்தால்தான் சத்தம் பிடிபடும். ஒவ்வொரு முறையும் மின்சாரத்தை நிறுத்திய பிறகே கை வைக்க வேண்டும். பிராசசர் மேலுள்ள ஃபேனை மட்டும் எடுக்கவே கூடாது.

எல்லாக் கேபினெட் ஃபேன்களையும் நிறுத்திய பின்னும் சத்தம் வந்தால் பிராசசர் ஃபேன், எஸ்.எம்.பி.எஸ்., ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றில் ஒன்று. ஹார்ட் டிஸ்க் என்ற சந்தேகம் வந்தால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு, பில் கணக்குகளை அன்றே பென் டிரைவில் நகல் எடுங்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை நீங்கள் திறக்க வேண்டாம்; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். சத்தம் அங்கிருந்துதான் என்றால் அதை மாற்றச் சொன்னது நியாயம். அப்போதும் கேபினெட்டை மாற்றத் தேவையில்லை.

திருப்பூரில் பேரிங்குக்கு இணையான எதிரி பஞ்சுத் தூசி. ஓவர்லாக் மிஷினும் கட்டிங் டேபிளும் இருக்கும் அறையில் அது இறக்கையின் விளிம்பில் படிந்து எடைச் சமநிலையைக் கெடுக்கும், ஃபேன் அதிரும். அதைவிட முக்கியமானது, பிராசசரின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கின் தகடுகளுக்கிடையே பஞ்சு அடைத்தால் பிராசசர் சூடேறும். அதைத் தணிக்க, மதர்போர்டு தானாகவே ஃபேனின் வேகத்தைக் கூட்டும்; சத்தமும் கூடும். வேகம் பாதியானால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் குறையும் என்பது ஃபேன்களுக்கான பொதுக் கணக்கு. ஆகவே சுத்தம் செய்தாலே நல்ல ஃபேன் தானாக அமைதியாகிவிடும். மிஷின் துடைக்கும் கம்ப்ரசர் காற்றை மட்டும் இதன்மேல் அடிக்காதீர்கள். அதில் ஈரம் வரும். இறக்கை வரம்பு மீறிச் சுழன்று பேரிங் போய்விடும். இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு, உலர்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் துடையுங்கள்.

தையல் மிஷின் எண்ணெய் உங்களிடமே இருக்கும். ஃபேன் நடுவிலுள்ள ஸ்டிக்கரை மெல்ல உரித்து, அடியில் துளை இருந்தால் ஒரு சொட்டு விடலாம். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுக்காகிவிடும். இது புது ஃபேன் வாங்கும்வரை நாளைக் கடத்தும் வழிதான்.

வாங்கப் போகும்போது பழைய ஃபேனையே கையில் எடுத்துச் செல்லுங்கள். 80, 92, 120, 140 மில்லிமீட்டர் எனப் பல அளவுகள் உண்டு. இணைப்பு மூன்று பின்னா நான்கு பின்னா என்பதையும் பார்க்க வேண்டும். பால் பேரிங் அல்லது ஃப்ளூயிட் பேரிங் என்று கேட்டு வாங்குங்கள். கொஞ்சம் விலை கூடினாலும் நீடித்து உழைக்கும். பழையது எந்தப் பக்கம் காற்றைத் தள்ளியதோ அதே பக்கமாகப் புதியதும் இருக்கட்டும். கம்ப்யூட்டரைத் தரையிலிருந்து உயர்த்தி, கட்டிங் டேபிளுக்குத் தள்ளி வையுங்கள்.

கேள்வி: புதிதாகப் போட்ட ஃபேன் மூன்று வாரத்தில் இரைகிறது. ஒரு வருட வாரண்டி என்று சொன்ன கடைக்காரர் இப்போது மாற்றித் தர மறுக்கிறார். தட்டச்சுக் கடை வைத்திருக்கும் எனக்கு நுகர்வோர் சட்டம் பொருந்துமா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: பொருந்தும். வணிக நோக்கத்துக்கு வாங்குவோரை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்குகிறது. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துவோரை விலக்கவில்லை. சத்தத்தைக் கைபேசியில் பதிவு செய்து, பில்லின் நகலோடு கடைக்கு எழுத்தில் கேளுங்கள். மசியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். அடுத்தது ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஃபேன் விலை போன்ற சிறு தொகைக்குக் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும். பில் இல்லையென்றால், பணம் அனுப்பிய யு.பி.ஐ. பதிவை அழிக்காமல் வைத்திருங்கள்.