வீட்டுச் சுவரை ஒட்டிப் போட்ட செங்கல் பாதையில் தண்ணீர் சுவரோரமே தேங்குகிறது. வாட்டத்தை, அதாவது தண்ணீர் ஓடக் கொடுக்கும் சரிவை, எப்படிச் சரிசெய்வது?

கேட்டிருப்பவர் 4 அடி அகலத்துக்கு, சிமெண்ட் இல்லாமல் மணல் மேல் செங்கல் பாவியிருக்கிறார். போட்ட புதிதில் சரியாக இருந்ததாம். ஒரு மழைக்காலம் போனதும் சுவரோரம் குட்டை கட்டுகிறது, சுவரில் ஓதம் ஏறுகிறது. கல்லைத் தூக்கி அடியில் கொஞ்சம் மணல் போட்டால் போதுமா என்று கேட்கிறார்.

போதாது. நானும் அதைத்தான் செய்தேன். அடுத்த மழைக்கே பழைய இடத்தில் குட்டை.

எரிச்சலில் சுவரோரக் கற்களைப் பெயர்த்துப் பார்த்தேன். வெளி விளிம்பில் 1 அங்குல மணல், சுவர்ப் பக்கம் இரண்டரை அங்குலம். வாட்டம் முழுவதையும் மணலிலேயே பிடித்திருக்கிறேன்! கனமாகக் கிடக்கும் மணல்தான் அதிகம் அமுங்கும், அதனால் கொடுத்த வாட்டத்தை மணலே தின்றுவிட்டது. அதற்கும் கீழே இன்னொரு வில்லங்கம். அஸ்திவாரத்துக்குத் தோண்டி மூடிய மண் சுவரை ஒட்டிப் பொலபொலவென்றுதான் கிடக்கும், சரியாக இடித்துக் கெட்டிப்படுத்தாவிட்டால் வருடக்கணக்கில் இறங்கும். என் தரை சுவரைப் பார்த்தே சரிந்திருந்தது. செங்கல் இடுக்கு வழியாக எப்படியும் தண்ணீர் இறங்கும். மேலே வாட்டம் வெளியே, கீழே வாட்டம் உள்ளே என்றிருந்தால் அந்தத் தண்ணீர் போய்ச் சேருமிடம் அஸ்திவாரம்தான்.

ஆகவே வாட்டத்தை மண் வெட்டும்போதே கொடுத்துவிடுங்கள். அடிக்கு 2 நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று), அதாவது 4 அடிக்கு 1 அங்குலம். செங்கல் முகம் சொரசொரப்பு என்பதால் இதைவிடக் குறைத்தால் தண்ணீர் சரியாக ஓடாது. 4 நூல் கொடுத்தால் நடக்கும்போதே ஒரு பக்கம் சாய்வது காலுக்குத் தெரியும், பாசி பிடித்தால் வழுக்கும்.

அளக்க ஒரு சின்ன வேலை செய்துகொண்டேன். 4 அடி நேர்க்கட்டை ஒன்றின் அடியில், ஒரு முனையில் 1 அங்குல மரத்துண்டை ஆணியடித்தேன். அந்த முனை வெளிப்பக்கம் வரும்படி குறுக்கே வைத்து, மேலே ரசமட்டத்தை (மட்டம் பார்க்கும் குமிழிக் கருவி) வைத்தால், குமிழி நடுவில் நிற்கும் இடத்தில் வாட்டம் சரி. மண்ணை இடித்த பிறகு ஒரு தடவை, ஜல்லிக்குப் பிறகு ஒரு தடவை, மணலுக்குப் பிறகு ஒரு தடவை என்று இரண்டடிக்கு ஒருமுறை வைத்துப் பார்த்தேன். ஜல்லி 4 அங்குலம், அதையும் இரண்டு தடவையாகக் கொட்டித் திமிசு (இடிக்கும் கட்டை) போட வேண்டும். மணல் எல்லா இடத்திலும் ஒரே 1 அங்குலம். பள்ளத்தை மணலால் நிரப்பும் ஆசை வரும். வந்தால் ஜல்லிக்குத் திரும்பிப் போங்கள்.

மணல் போடுமுன் ஜல்லி மேலேயே நூல்கயிறு கட்டி, கல் போட்டு முடித்ததும் பாதை எந்த உயரத்தில் நிற்கும் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சுவரில் இருக்கும் ஓதத் தடுப்பு அடுக்குக்கு (தரை ஈரம் சுவரில் ஏறாமல் தடுக்கும் அடுக்கு) 6 அங்குலம் கீழேயே பாதை நிற்க வேண்டும். மேலே ஏற்றினால் தெறிக்கும் மழைத் தண்ணீர் அதைத் தாண்டிச் சுவரை நனைக்கும், வாட்டம் எவ்வளவு சரியாக இருந்தாலும்.

வெளி விளிம்பைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அழகுக்காக ஓரக்கல்லைத் தூக்கி வைத்தாலோ, பாத்தி மண் வருடா வருடம் ஏறிப் பாதையை விட உயர்ந்தாலோ, வெளியே வந்த தண்ணீர் அங்கேயே முட்டி நிற்கும். எதிர்ப்பக்கம் மதில் இருந்து தண்ணீரைத் தள்ள இடமே இல்லையென்றால், மதிலோரம் ஒரு வரிசைக் கல்லை 3 நூல் இறக்கிப் போட்டு, அந்த வாய்க்காலுக்கு நீளவாட்டில் 8 அடிக்கு 1 அங்குலம் கொடுத்து வெளியே விடலாம். மாடித் தண்ணீர்க் குழாயைப் பாதை மேல் திறந்து விடவே கூடாது, இடுக்கு மணலை அரித்துக்கொண்டு போய்விடும். குழாயைப் பாதைக்கு அடியிலேயே அந்தப் பக்கம் கொண்டுபோய் விடுங்கள்.

உங்களுக்குச் சிமெண்ட் இல்லாதது நல்லதாகப் போயிற்று, கல் உடையாமல் வரும். முழுவதையும் பெயர்த்துவிடுங்கள், சுவரோரம் மட்டும் என்று ஆரம்பித்தால் இரண்டு வேலையாகும். மண்ணை இடித்து முடித்ததும், ஜல்லி போடுமுன், சுவரோரமாய் ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றிப் பாருங்கள். எங்கேயாவது சுவரைப் பார்த்துத் திரும்பினால் கல் வைக்காத அந்த நேரத்தில் பத்து நிமிட வேலைதான்.