த்ரெட்லோக்கலில் வைத்த பயனர் விவரம் வேறொருவருக்குத் தெரிவது ஏன்?

லாகின் செய்தவரின் ஐடியை ஜாவா த்ரெட்லோக்கலில் (ஒவ்வொரு த்ரெட்டுக்கும், அதாவது வேலையை ஓட்டும் ஒவ்வொரு இழைக்கும், தனி மதிப்பு வைக்கும் வசதி) வைத்தால், எப்போதாவது அது அடுத்தவர் ரெக்வெஸ்டில் தெரிகிறது என்கிறீர்கள். த்ரெட்லோக்கல் சரியாகத்தான் வேலை செய்கிறது. அது மதிப்பைக் கட்டிவைப்பது த்ரெட்டோடு, ரெக்வெஸ்டோடு அல்ல.

ஜாவா வெப் சர்வரான டாம்கேட் ஒவ்வொரு ரெக்வெஸ்டுக்கும் புது த்ரெட் உருவாக்காது. பூலில் (தயாராக வைத்திருக்கும் த்ரெட்களின் தொகுப்பு, இயல்பாக அதிகபட்சம் 200) இருப்பதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தும். உங்கள் ஃபில்டர் (ரெக்வெஸ்ட் உங்கள் மெயின் கோடை அடையும் முன் ஓடும் பகுதி) லாகின் செய்தவர்களுக்கு மட்டும் செட் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். 17-ஆம் த்ரெட்டில் கவிதாவின் ஐடி ஏறுகிறது. அடுத்து லாகின் செய்யாத ஒருவர் அதே த்ரெட்டுக்கு வருகிறார். செட் நடக்கவில்லை, கெட் மட்டும் நடக்கிறது. கிடைப்பது கவிதாவின் ஐடி. டெஸ்டில் இது சிக்குவது அபூர்வம், ஏனெனில் அங்கே பெரும்பாலும் ஒரே ஆள்தான் லாகின் செய்திருப்பார்.

தீர்வு: செட் செய்தவுடன் ட்ரை தொடங்குங்கள், ஃபைனலியில் ரிமூவ் அழையுங்கள். எக்செப்ஷன் வந்தாலும் அது ஓடும். செட்(நல்) போதாது. மதிப்பு போனாலும் அந்த த்ரெட்டின் மேப்பில் பதிவு தங்கிவிடும்.

எக்ஸிக்யூட்டருக்குக் (வேலைகளை வேறு த்ரெட்களில் ஓட்டும் கருவி) கொடுக்கும் வேலைக்கு இந்த மதிப்பு தானாகப் போகாது. இன்ஹெரிட்டபிள்த்ரெட்லோக்கலை நம்பாதீர்கள், புது த்ரெட் பிறக்கும்போது மட்டும்தான் அது தாய் த்ரெட்டின் மதிப்பை நகலெடுக்கும், பூலில் பழைய நகலே கிடைக்கும். ஐடியை நேரடியாகப் பாராமீட்டராக அனுப்புங்கள்.

ஜாவா 25-க்கு மாற முடிந்தால் ஸ்கோப்டுவேல்யூ பாருங்கள். பிளாக் முடிந்ததும் மதிப்பு தானாக விலகிவிடும். ஆனால் இன்று உடனே செய்யவேண்டியது அந்த ஃபைனலிதான். கசிவது பயனரின் அடையாளம் என்பதால் அடுத்த ரிலீஸ் வரை தள்ளிப்போடாதீர்கள்.