தேயிலை இலையில் நார் உண்டா? நார்ப் பலகை பற்றிய கேள்வி பதில்

ஹட்டன், உயர்தர தொழினுட்ப மாணவி: அக்கா, செயற்றிட்டத்துக்குத் தேயிலை இலையின் நாரை றெசினில் (ஊற்றினால் இறுகும் செயற்கைப் பிசினில்) சேர்த்துப் பலகை செய்யப்போகிறோம். சரிவருமா?

தங்கச்சி, கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது தேயிலைதான், விளங்குகிறது. ஆனால் அந்த இலையில் உரித்தெடுக்க நீள நார் கிடையாது. கழிவுத் தேயிலையை அரைத்துப் போட்டால் அது வெறும் நிரப்பி. இழுவை வலிமை பெரும்பாலும் குறையத்தான் செய்யும். சுமை தாங்கும் நாருக்கு ஒரு குறைந்தபட்ச நீளம் வேண்டும். அதைவிடக் குட்டையானால், அறுவதற்கு முன்பே றெசினைவிட்டுக் கழன்றுவிடும். வேலியோரக் கற்றாழை, மருள், அன்னாசி இலை, இவற்றில் ஒன்றை எடுங்கள். கண்டிப் பக்கம் தும்பறைப் பாய்க்குப் பாவிக்கும் 'ஹன' நாரும் கற்றாழை மாதிரியான செடியிலிருந்து வருவதுதான்.

பதுளை, பல்கலைக்கழக மாணவர்: ஒரே பலகையில் வெட்டிய துண்டுகள் ஆளுக்கொரு வலிமை காட்டுகின்றன. இழுத்துப் பார்க்கும் மெஷினில் பிழையா?

மெஷினைத் திட்டுவதற்கு முன் நாரைப் பாருங்கள், தம்பி. இலையின் அடியும் நுனியும் ஒரே தடிப்பில் நார் தருவதில்லை. கற்றாழை இனமான சைசலின் நாருக்கே இழுவை வலிமை 400 முதல் 700 மெகாபாஸ்கல் வரை என்றுதான் நூல்களில் இருக்கும். அதனால்தான் ஏஎஸ்டிஎம் (ASTM) என்ற நியமச் சோதனை முறைகள் குறைந்தது 5 துண்டு கேட்கின்றன. குட்டை நார் கலந்த பலகைக்கு டி638, நீள நாரை ஒரே திசையில் அடுக்கியதற்கு டி3039. சராசரியோடு, எண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்று காட்டும் நியம விலகலையும் எழுதுங்கள். மெஷினின் பிடிக்குள்ளேயே முறிந்த துண்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அப்புறம், முறிந்த முகத்தை உருப்பெருக்கியில் பாருங்கள். எண்ணைவிட அது நிறையச் சொல்லும். நார் சுத்தமாக உருவி வந்திருந்தால் ஒட்டு சரியில்லை. குழிகள் தெரிந்தால் காற்று அடைபட்டிருக்கிறது. நார் போடாத வெறும் றெசின் பலகை ஒன்றையும் அதே நாளில் வார்த்தெடுங்கள். அது இல்லாமல் கூடிற்று, குறைந்தது என்று கதைப்பதில் அர்த்தமில்லை.

நுவரெலியா: பொலியெஸ்டர் றெசினில் செய்த பலகை மறுநாளும் பிசுபிசுக்கிறது.

குளிரில் றெசின் மெதுவாகத்தான் இறுகும். மூடுபனியில் கிடந்த நார் ஈரத்தையும் இழுத்திருக்கும். எடை மாறாமல் நிற்கும் வரை 80 பாகையில் உலர்த்தி, சூடு ஆறுவதற்குள் அச்சில் வையுங்கள். அறையையும் சூடாக்குங்கள். அவசரப்பட்டு இறுக்கியை (றெசினை இறுக வைக்கும் திரவத்தை) அள்ளி ஊற்ற வேண்டாம். இறுக்கியையும், இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் முடுக்கியையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்காதீர்கள், வெடிக்கும்.

மாத்தளை: நாரை ஊறவைக்கக் கோஸ்டிக் சோடா எவ்வளவு?

5 சதவீதக் கரைசலில் தொடங்கலாம்: 950 கிராம் தண்ணீரில் 50 கிராம். தண்ணீருக்குள் சோடாவைப் போடுங்கள், மாறி அல்ல. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். நாரின் மேலுள்ள மெழுகும், நாரிழைகளைப் பிணைக்கும் அரைச்செல்லுலோசும் கழன்று நார் சொரசொரப்பாகும், ஒட்டு கூடும். அதிக நேரம் ஊறினால் நாரே நொந்துவிடும்.

பண்டாரவளை: தோட்ட லயத்துக் கூரைத் தகரத்துக்குப் பதிலாக இந்தப் பலகையைப் போடலாமா?

வேண்டாம். இந்த நார் தண்ணீர் குடித்து ஊதும், பலகையில் வெடிப்பு விழும், தீயும் பிடிக்கும். உள் தடுப்புக்கு யோசிக்கலாம், அதுவும் 24 மணி நேரம் தண்ணீரில் போட்டு, எடையோடு வலிமையையும் திரும்ப அளந்த பிறகு.

ஹப்புத்தளை: றெசினுக்குப் பதில் பழைய பிளாஸ்டிக்கை உருக்கி நாரோடு சேர்த்தால்?

பொலிப்ரொப்பிலீன் மூடி என்றால் முயலலாம், 165 பாகை அளவில் உருகும். ஆனால் அது நாரோடு தானாக ஒட்டாது. இரண்டையும் ஒட்டவைக்க, மலேயிக் அன்ஹைட்ரைட் என்ற இரசாயனம் ஏற்றிய பொலிப்ரொப்பிலீன் கொஞ்சம் சேர்க்க வேண்டும். தண்ணீர்ப் போத்தலை விட்டுவிடுங்கள். அது உருக 250 பாகை வேண்டும், 200ஐத் தாண்டினாலே நார் கருகத் தொடங்கும்.